சென்னையா, பூம்புகாரா? என் ஓட்டு பூம்புகாருக்கே!



விடுமுறைக்குக் குழந்தைகளை எங்கே கூட்டிப்போவது என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு நடந்தது. சென்னைக்கு 14, பூம்புகாருக்கு 2. ஒன்று என்னுடையது. இன்னொன்று என் வீட்டுக்காரம்மா பாவம் பார்த்துப் போட்டது. "தலைநகரமும் அதுதான், கடலும் அங்கயே இருக்குது. பூம்புகார்ல என்னங்க மாமா இருக்குது?" என்று மாப்பிள்ளை ஒருவர் கேட்டார். அவருக்கான பதில்தான் இது.

நான் சென்னைக்கு எதிரி அல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலச் செப்புச் சிலைகளைப் பார்க்கவே ஒரு நாள் போதாது. ஆனால் அங்கே யார் கூட்டிப்போகிறீர்கள்? போன வருடம் போய்வந்த பேரனிடம், "என்னடா கண்ணு பார்த்தே?" என்றேன். "மால்ல எஸ்கலேட்டர், அப்பிச்சி" என்றான். அது சேலம் ஜங்ஷனிலேயே இருக்கிறது!

நாம் காவிரிக்கரைக்காரர்கள். மேட்டூர் அணை நிரம்பினால் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். ஆடிப் பதினெட்டுக்குப் பரமத்திவேலூரிலும் மோகனூரிலும் முங்கி எழுகிறோம். அன்று ஆற்றில் விட்ட பூ எந்த ஊரில் கடல் சேருகிறது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள். சொல்ல மாட்டார்கள்.

அந்த ஊர்தான் பூம்புகார். வேலூர்ப் பாலத்தில் நின்றால் அவ்வளவு அகலமாய்த் தெரியும் ஆறு, முக்கொம்பில் கொள்ளிடமாகவும் கல்லணையில் பல கிளைகளாகவும் பிரிந்து, கடைசியில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கி அங்கே கடலைத் தொடுகிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் சாயத்தண்ணீர் ஆற்றில் கலக்கும்போது 'நமக்கென்ன' என்று இருக்கிறோமே, கீழே அந்தத் தண்ணீருக்குக் காத்திருப்பவர்களின் முகத்தைப் பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா?

"அங்கே ஒன்றுமே இல்லையே ஐயா" என்பீர்கள். அதுதானே பாடம்! கடல் வழியாகக் குதிரைகளும், வண்டிகளில் மிளகு மூட்டைகளும் வந்து இறங்கிய சோழர் துறைமுகம் அது. சரக்குகளுக்குப் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பக்கத்துக் கீழையூரில் 1960களில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறையே கிடைத்தது. இன்று அது ஒரு மீனவ ஊர். 2004 சுனாமியிலும் அடிபட்ட கரை. பெரிய நகரங்களும் நிலையில்லை என்பதை மாலில் நின்று கற்க முடியாது. கோவலன்கூட புகாரை விட்டுப் பாண்டியன் தலைநகருக்குப் பிழைக்கப் போய் என்ன ஆனான் என்பது உங்களுக்கு நான் நடத்திய பாடம்தான்.

இதில் என் குற்றமும் உண்டு. 31 வருடச் சர்வீஸில் உங்களை எத்தனை முறை சென்னைக்குச் சுற்றுலா கூட்டிப்போனேன்! வண்டலூர், மெரினா, திரும்ப பஸ். பூம்புகாருக்கு ஒருமுறைகூட இல்லை. ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் நடத்தினேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

மே மாதம் வேண்டாம். வெயிலும் கொடுமை, ஆற்றில் தண்ணீரும் இருக்காது. காலாண்டு விடுமுறையில் போகலாம். சேலத்திலிருந்து நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சை வழியாக மயிலாடுதுறைக்கு நேர் ரயில் இருக்கிறது. அங்கிருந்து பூம்புகாருக்கு பஸ். மறுநாள் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. 1715இல் தமிழ் புதிய ஏற்பாடு அச்சானதும் அந்த ஊரில்தான். பெரிய ஓட்டல் இருக்காது, கட்டுச்சோறு எடுத்துக்கொள்வோம். கடலில் மட்டும் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள்.

சென்னைக்குப் படிக்கவும் வேலைக்கும் அவர்கள் எப்படியும் போகத்தான் போகிறார்கள். பூம்புகாருக்கு நாம் கூட்டிப்போனால்தான் உண்டு.

மாப்பிள்ளை, ஓட்டை மாற்றிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்