படத்தில் எது பிரதானம்?

பெரம்பலூரிலோ அரியலூரிலோ சினிமாக் கொட்டகையை விட்டு வெளிவரும் ஒருவரை நிறுத்தி, "படம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "பாட்டு தேவலை" என்பார். "சண்டை பிரமாதம்" என்பார். முகத்தைச் சுளித்தாரானால், "கதையே இல்லை, ஸார்!" என்பார். காமிராக் கோணம் சரியில்லை என்று டிக்கெட்டுக் காசுக்காக வருந்தியவரை இவ்விரண்டு ஊர்களிலும் நாம் இதுவரை சந்தித்ததில்லை.

இதைக் கொண்டு, நம் ஜனங்களுக்குக் காது மட்டுமே உண்டு, கண் கிடையாது என்று பட்டணத்து விமர்சகர்கள் சிலர் முடிவு கட்டி விடுகிறார்கள். சரித்திரமும் அவர்களுக்குச் சற்று அனுகூலமாகவே இருக்கிறது. தமிழ்ப் பேசும் படம் நாடக மேடையின் குழந்தை அல்லவா? 1934-ல் வந்த 'பவளக்கொடி'யில் ஏறக்குறைய ஐம்பது பாட்டுக்கள். 1952-ல் 'பராசக்தி' வெளிவந்தபின் பாட்டுக்குச் சமமாக வசனமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொண்டது. நமது பக்கம் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்திருந்த அந்நாளில் கிராமங்களுக்கு வந்த டூரிங் டாக்கீஸையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மணல் தரை, ஒரே புரொஜெக்டர், சுருள் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. தேய்ந்துபோன பிரதியில், நட்ட நடு வெயிலில் நிற்கும் கதாநாயகன்கூட மழையில் நனைவதுபோல் கோடு கோடாகத் தெரிவான். குரலோ அடுத்த ஊர் வரையில் கேட்கும்! காதை நம்பாமல் வேறு எதைத்தான் நம்புவது?

ஆயினும், காதுதான் பிரதானம் என்றால் 'அந்த நாள்' இன்றுவரை எப்படி உயிரோடிருக்கிறது? 1954-ல் ஏ.வி.எம். தயாரித்த அந்தப் படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. அதை டைரக்ட் செய்த எஸ். பாலசந்தரோ வீணையில் மகாவித்வான்! ஸங்கீதத்தை நன்கு அறிந்தவருக்குத்தான் அதை எங்கே விலக்கலாம் என்பதும் தெரியும் போலும். 1943-ல் சென்னையின் மீது ஜப்பானியர் குண்டு போட்ட சமயத்தில் கதை நடக்கிறது. ரேடியோ என்ஜினீயர் ஒருவன் ஆரம்பத்திலேயே சுடப்பட்டு இறக்கிறான். சுட்டது யார்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். நாட்டையே காட்டிக் கொடுக்கத் துணிந்தவன் அவன் என்பது பிறகு தெரிய வருகிறது. பாட்டுக்காகக் காசு கொடுத்தவர்கள் ஏமாந்திருக்கலாம்; அன்று வசூலும் அதிகமில்லை. ஆனால் இன்று அதைப் பார்க்க உட்காருகிறவர் பாட்டு எங்கே என்று தேடுவதில்லை. அடுத்து என்ன என்று கேட்கிறார்.

கண்ணின் விஷயத்துக்கு வருவோம். நமது அரியலூர் ஜில்லாவிலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய அந்த ஆலயத்தின் வடக்கு வாயிலருகே, சிவபெருமான் பார்வதி ஸமேதராக அமர்ந்து, சண்டேசரின் தலையில் மாலை சுற்றுகிறார். அந்தச் சிலைக்கு வசனம் எழுதியவர் யாருமில்லை. பெருமான் விரல்களின் பரிவையும், கைகூப்பிக் குனிந்த பக்தரின் முகத்தையும் பார்க்கும் குடியானவப் பெண்ணுக்கு யாரும் வியாக்கியானம் செய்ய வேண்டியதில்லை. இவர்களுக்கா கண் இல்லை என்கிறார்கள்?

அதே பரிவைத் திரையில் கொண்டு வந்தவர் மகேந்திரன். படங்களுக்கு வசனம் எழுதிப் பெயர் பெற்றவர், 1978-ல் 'முள்ளும் மலரும்' படத்தை முதன்முதலாக டைரக்ட் செய்தபோது வசனத்தைத்தான் முதலில் குறைத்தார். உமாசந்திரனின் நாவலைத் தழுவியது அது. அண்ணன் விரும்பாத ஒருவரை மணக்கப் புறப்பட்ட வள்ளி, பாதி வழியில் திரும்பி ஓடி வந்து அண்ணனைக் கட்டிக் கொள்கிறாள். காளியின் முகத்தையே நாம் பார்க்கிறோம். பாலு மகேந்திராவின் காமிராவும் இளையராஜாவின் ஸங்கீதமும் அங்கே வேலை செய்யத்தான் செய்கின்றன. நமக்கு அந்த நினைவே வருவதில்லை. ஓர் அண்ணன் என்ன செய்யப் போகிறான் என்ற கவலை ஒன்றே மிஞ்சுகிறது. ரஸிகர் "கதை" என்று சொல்வது அந்தக் கவலையைத்தான். அது இருந்தால் ஐம்பது பாட்டையும் பொறுப்பார். பாட்டே இல்லாவிட்டாலும் பொறுப்பார்.

இப்பொழுது வரும் படங்களில் காமிராவுக்கு ஒரு குறைவுமில்லை. முரசும் பறையும் சேர்ந்து ஆளை ஆஸனத்தோடு தூக்குகின்றன. சென்ற மாதம் ஒரு கொட்டகையில் நமக்கு முன் வரிசையில் பேரனுடன் வந்திருந்த பாட்டியம்மாள், தாய் மகனிடம் அழுது பேசும் கட்டத்தில், "என்னடா சொல்றா அந்தப் பொம்பளை?" என்று கேட்டாள்.

"எனக்கும் கேக்கலை ஆயா, மத்தளந்தான் கேக்குது" என்றான் பையன்.