கேக் பீங்கான் வாசலுக்கு வரும்போது பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்



டிசம்பர் வந்தால் எங்கள் வட்ஸ்அப் குறூப்களுக்கும் ஒரு சீசன் வந்துவிடுகிறது. நத்தாருக்கு வாழ்த்துச் சொல்லலாமா, கேக் தந்தால் சாப்பிடலாமா, ஒளிவிழாவுக்குப் பிள்ளையை அனுப்பலாமா? ஒரு பக்கம் பயான் துண்டுகள், மறுபக்கம் அதற்கு மறுப்பு, இடையில் காக்காவும் தம்பியும் குறூப்பை விட்டு வெளியேறுவது. ஜனவரி பிறந்ததும் எல்லாரும் மறந்துவிடுவார்கள். அடுத்த டிசம்பரில் அதே ஓடியோ திரும்பவும் சுற்றும்.

நான் மௌலவியா அல்ல. ஃபத்வா சொல்ல வரவில்லை. வாழ்த்து விடயத்தில் உலமாக்களிடம் வேறுபட்ட கருத்துகள் இருக்கின்றன. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு அதன்படி நடந்துகொள்ளுங்கள். நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற ஒரு டீச்சர், இரண்டு சின்னப் பிள்ளைகளின் உம்மா. அந்த இடத்தில் நின்று ஒரு விடயம்தான் சொல்ல இருக்கிறது. இந்த விவாதத்தை நாங்கள் பிள்ளைகளை முன்னால் வைத்துக்கொண்டு நடத்துகிறோம். அவர்களுக்கு ஃபத்வா விளங்காது, ஆனால் எங்கள் முகம் விளங்கும்.

தரம் இரண்டில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டான்: "டீச்சர், வேதக்காரர்ட வீட்டுச் சாமானத் தொட்டா பாவமா?" யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். பக்கத்து வீட்டிலிருந்து வந்த கேக்கை வாசலில் சிரித்துக்கொண்டு வாங்கி, கதவைச் சாத்திவிட்டு, குசினிக் குப்பை வாளியில் கொட்டியதை அவன் பார்த்திருக்கிறான். மீதியை அவனே யோசித்து எடுத்துக்கொண்டான்.

ஆசிரியர் கலாசாலையில் பியாஜேயைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கருத்தை வைத்து யோசிப்பதில்லை. கண்ணால் கண்டதை வைத்துத்தான் யோசிக்கும். "இந்தக் கேக்கில் பிரண்டி இருக்கலாம், அதனால் நாங்கள் சாப்பிடுவதில்லை" என்பது பெரியவர்களுக்கு ஒரு நியாயம். பிள்ளை கண்டது வேறு. முன்னால் சிரிப்பு, பின்னால் குப்பை. அதிலிருந்து அது படிக்கிற பாடம் இரண்டு: அந்த மனிசர் அசுத்தம், முகத்துக்கு முன்னால் ஒன்றும் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் செய்யலாம். இரண்டுமே எங்கள் மார்க்கத்தில் இல்லாதவை.

எங்கள் பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் பாடசாலைகள் மொழியாலும் மதத்தாலும் பிரிந்து கிடக்கின்றன. முஸ்லிம் பாடசாலையில் தரம் ஒன்றில் சேரும் பிள்ளை உயர்தரம் வரை 13 வருசம் முஸ்லிம் பிள்ளைகளோடு மட்டுமே இருந்து வெளியேற முடியும். பின்னேரம் குர்ஆன் மத்ரஸா, அதிலும் அதே முகங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ரோட்டில் போனால் ஒரு ஊர் தமிழ், அடுத்த ஊர் முஸ்லிம். வேலி ஒன்றுதான், பழக்கம் குறைவு. அப்படி வளரும் பிள்ளைக்கு ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தை நேரில் காணக் கிடைக்கும் சந்தர்ப்பம் வருசத்தில் ஒன்றோ இரண்டோ. அதில் பெரியது, பீங்கானில் துணி மூடி வாசலுக்கு வரும் அந்த நத்தார் பலகாரம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் என்ன செய்கிறோமோ அதுதான் பிள்ளைக்குப் பாடம்.

சரி, என்ன செய்யலாம்? என் வீட்டிலும் வகுப்பிலும் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, அந்தப் பீங்கான். ரிச் கேக்குக்கு முந்திரிகைவத்தல், கஜு, பூசணிப்பாகு, இஞ்சிப்பாகு எல்லாம் வெட்டிப் பிரண்டியில் ஊறப்போடுகிற வழக்கம் இருப்பது உண்மை. அது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பல வீடுகளில் முஸ்லிம் ஆட்களுக்கென்று பிரண்டி போடாமல் தனியாக அடிக்கிறார்கள். இன்னும் சிலர் வாழைப்பழமும் கடையில் வாங்கிய பிஸ்கட்டும் தருகிறார்கள். எங்களை நினைத்து ஒருவர் தனியாகக் கேக் அடிக்கிறார் என்றால் அது சின்ன விசயமா? சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடலாம். "அக்கா, இதுல பிரண்டி கிரண்டி போட்டயா? பிள்ளையள் இருக்காங்க, அதான் கேக்கிறன்" என்று கேட்டால் எந்த அக்காவும் கோபிக்கமாட்டா. போட்டிருந்தால், "அப்ப இதை நீங்க வெச்சுக்கோங்க, வாழப்பழத்த நாங்க எடுக்கிறம்" என்று சிரித்தே சொல்லலாம். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்கட்டும். ஹராமை விலக்குவதையும் மனிசரை மதிப்பதையும் ஒரே நேரத்தில் செய்யலாம் என்று அது அங்கேயே படித்துவிடும்.

அந்தப் பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். எங்கள் மூத்தம்மாமார் ஒருநாளும் அப்படிக் கொடுத்ததில்லை. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அதைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் வீட்டில் ஆடு அறுத்தபோது, எங்கள் யூத அண்டைவீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்ட ஹதீஸை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம். பிள்ளைக்கு அதை விளங்கப்படுத்த வேறு பாடப்புத்தகம் தேவையில்லை. அந்தப் பீங்கானும் அடுத்த வீட்டு வாசலும் போதும்.

இரண்டாவது, பிள்ளைகளின் கேள்விகள். "உம்மா, நத்தார் தாத்தா நம்மட வீட்டுக்கும் வருவாரா?" இந்தக் கேள்விக்கு ஏசாதீர்கள். "அது எல்லாம் பொய், ஷைத்தான்ட வேல" என்று சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? பிள்ளை நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் அதே வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லி அழவைத்துவிட்டு வரும். "அது அவங்கட பெருநாள்ல அவங்கட வீட்டு வழக்கம் மகன். நம்மட பெருநாளைக்கு மூத்தப்பா பெருநாள் காசு தருவார்தானே, அது நம்மட வழக்கம்" என்றால் ஐந்து வயதுக்குப் போதும்.

கொஞ்சம் பெரிய பிள்ளை, பாலன் குடிலைக் கண்டுவிட்டு அது யார் என்று கேட்கும். அது எங்களுக்குக் கிடைக்கிற அருமையான சந்தர்ப்பம். ஈஸா (அலை) எங்கள் நபி. அவருடைய உம்மாவின் பெயரில் குர்ஆனில் 98 வசனங்கள் கொண்ட ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே பெண் மர்யம் (அலை) அவர்கள்தான். பேரீச்சை மரத்தடியில் தனியாகப் பட்ட வேதனை, ஊரார் குற்றம் சொன்னபோது தொட்டிலில் இருந்த குழந்தை பேசியது, இதையெல்லாம் கதையாகச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் வாய் திறந்தபடி கேட்பார்கள். மக்காவில் துன்பம் தாங்காமல் ஹபஷாவுக்குப் போன ஸஹாபாக்களுக்கு அடைக்கலம் கொடுத்தது ஒரு கிறிஸ்தவ மன்னர். அவர் முன்னால் ஜஃபர் (ரழி) ஓதிக்காட்டியதும் இந்த சூரா மர்யம்தான். அதையும் சொல்லுங்கள். பிறகு, "அவங்க ஈஸா நபிய இறைவன்ட மகன்னு நம்புறாங்க. நாம அல்லாஹ்ட அடியார், நபின்னு நம்புறம்" என்று வித்தியாசத்தைத் தெளிவாகவே சொல்லுங்கள். வித்தியாசத்தை மறைக்க வேண்டியதில்லை. அதை வெறுப்பில்லாமல் சொன்னால் பிள்ளை வெறுப்பில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, ஒளிவிழா. கலந்து படிக்கும் முன்பள்ளிகளிலும் சில பாடசாலைகளிலும் டிசம்பரில் இது இருக்கும். பிறப்பு நாடகத்தில் பிள்ளை வேடம் போடுவது உங்களுக்கு உடன்பாடில்லை என்றால், ஒரு கிழமைக்கு முன்னாலேயே போய் டீச்சரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். பிள்ளை கூட்டாளிமாரோடு இருந்து பார்க்கட்டும், கை தட்டட்டும், அல்லது கதிரை அடுக்கட்டும். ஒன்றும் சொல்லாமல் அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் மறித்துவைப்பதும், விழா முடிந்த பிறகு பேஸ்புக்கில் படம் போட்டு அந்த டீச்சரைக் கிழிப்பதும் அழகில்லை. எங்கள் முஸ்லிம் பாடசாலைகளில் தமிழ் டீச்சர்மார் படிப்பிக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் கிராஅத் ஓதும்போது அமைதியாக நிற்கிறார்கள். நோன்பு காலத்தில் எங்களுக்கு முன்னால் தண்ணீர் குடிக்கவும் கூச்சப்படுகிறார்கள். அந்தப் பண்பை நாங்களும் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

நான்காவது, பிள்ளைகளின் ஏக்கம். சில உம்மாமார் கவலைப்படுவது எனக்கு விளங்குகிறது. "டீச்சர், அந்த நட்சத்திரத்தையும் லைட்டையும் கண்டா எங்கட புள்ள வீட்டுக்கு வர மாட்டேங்குது. நாளைக்கு மனசு மாறினா?" அந்தப் பிள்ளை ஏங்குவது மதத்துக்கு இல்லை, அந்த ஆயத்தத்துக்கு. பக்கத்து வீட்டில் டிசம்பர் தொடங்கியதிலிருந்து பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது. நட்சத்திரம் ஒட்ட வேண்டும், குடில் கட்ட வேண்டும், கரோல் பழக வேண்டும், கொக்கிஸ் சுட உதவ வேண்டும். எங்கள் பெருநாளில் பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது? விடிய எழுப்பிக் குளிப்பாட்டுகிறோம், உடுப்பு மாட்டித் தொழுகைக்குக் கூட்டிப் போகிறோம். பகல் புரியாணி சாப்பிட்டுவிட்டு வாப்பா படுத்துவிடுவார், உம்மா குசினியில், பிள்ளை கையில் போன்.

வருகிற நோன்பிலிருந்து இதை மாற்றலாம். தலைப்பிறையைப் பார்க்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். முப்பது கட்டம் கீறிய ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு நோன்புக்கும் நிறம் தீட்டக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்கு நோன்புக் கஞ்சி கொண்டுபோகும் பொறுப்பு அதனுடையதாக இருக்கட்டும். வட்டிலப்பத்துக்கு முட்டை அடிக்கட்டும், சிந்தினால் சிந்தட்டும். மருதோண்டி அரைக்கட்டும், பித்ராவை அளந்து போடட்டும். தன் பெருநாளில் தனக்கு ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, அடுத்தவரின் நட்சத்திரத்தை ஏக்கமில்லாமல் ரசிக்கும். அடுத்த வீட்டு லைட்டைத் திட்டித் திட்டி எந்தப் பிள்ளைக்கும் ஈமானை ஊட்ட முடியாது.

இனிக் கொஞ்சம் கனமான விடயம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் பலர். அதைச் செய்தவர்கள் எங்கள் பெயரைத் தாங்கியவர்கள். எங்கள் சமூகம் அதை ஏற்கவில்லை, கண்டித்தது. ஆனாலும் அதற்குப் பிறகு எத்தனையோ வாசல்களுக்கு இடையில் பீங்கான் போய் வருவது நின்றுபோனது. அவர்களுக்குப் பயம், எங்களுக்குக் கூச்சம். கேக்கைக் குப்பையில் போடுகிற வீட்டிலிருந்து குண்டு வருகிறது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் அடுத்த வீட்டு மனிசரைப் பற்றி ஒரு நல்ல நினைவும் இல்லாமல் வளரும் பிள்ளையின் மனதில், நாளைக்கு யாரும் எதையும் விதைக்கலாம். "அவங்கட வீட்ட நான் போயிருக்கன், அந்த மாமி நல்லவங்க" என்று சொல்லக்கூடிய பிள்ளையிடம் அந்தக் கதை எடுபடாது.

எங்கள் கரையில் நத்தார் ஒரு நாளோடு முடிவதுமில்லை. 25இல் கேக், 26இல் கண்ணீர். 2004 டிசம்பர் 26 ஞாயிறு, போயா தினம். நத்தாருக்கு அடுத்த நாள் காலை. கடல் வந்தபோது கிறிஸ்தவ வீடு, முஸ்லிம் வீடு, சைவ வீடு என்று பார்க்கவில்லை. நாடு முழுக்க 35,000 பேருக்கும் மேல் போனார்கள். பள்ளி, கோவில், தேவாலயம், பாடசாலை என்று திறந்திருந்த எல்லா இடத்திலும் எல்லா ஆட்களும் ஒதுங்கினார்கள். இன்றும் ஒவ்வொரு வருசமும் 26ஆம் திகதி காலை 9.25 முதல் 9.27 வரை நாடே மௌனமாக நிற்கிறது. இந்த வருசம் அந்த இரண்டு நிமிடத்தில் பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி, அது என்ன நாள் என்று சொல்லுங்கள். முதல் நாள் பலகாரம் தந்த வீட்டில் அடுத்த நாள் மையத்துகளை எண்ணிய கதை எங்கள் ஊர்களில் நிறைய இருக்கிறது. மூத்தம்மாமாரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவர்களும் இல்லாமல் போனால் யாரிடம் கேட்பது?

"இப்படி நெருங்கினால் மார்க்கம் கரைந்துபோகும்" என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதுவார்கள். அவர்களின் கவலை உண்மையானது, நான் கேலி செய்யவில்லை. அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நூற்றாண்டுகளாக இந்தக் கரையில் தமிழரோடும் பறங்கியரோடும் அடுத்தடுத்து வாழ்ந்த எங்கள் மூதாதையரின் மார்க்கம் கரைந்ததா? மிஷன் பாடசாலைகளில் படித்துவிட்டு வந்தும் தொழுகையை விடாத எத்தனை வாப்பாமாரை நாங்கள் கண்டிருக்கிறோம்?

கடைசியாக ஒரு கணக்கு. எங்கள் பெருநாள் வருசத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். 2000ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளும் நத்தாரும் ஒரே கிழமையில் வந்தன. இன்ஷா அல்லாஹ், 2033 டிசம்பரில் திரும்பவும் அப்படி வரும். இன்றைக்கு முன்பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் அப்போது பெரிய வகுப்புகளில் இருப்பார்கள். அந்தக் கிழமையில் கேக் பீங்கானும் வட்டிலப்பப் பீங்கானும் நடு ரோட்டில் சந்திக்குமா, அல்லது இரண்டு கதவும் சாத்திக் கிடக்குமா என்பதை இப்போது எங்கள் குசினிகளில்தான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம்.

கருத்து வேறுபாடு இருந்தால் தாராளமாக எழுதுங்கள், வாசிப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கள் பிள்ளை பக்கத்தில் இருந்து வாசித்தாலும் வெட்கப்படத் தேவையில்லாதபடி எழுதுங்கள்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளை ஈமானும் நல்ல குணமும் உள்ளவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.