டேம் வேறு, அணிகட் வேறு

மேட்டூரும் அணை, கல்லணையும் அணை. பேச்சு வழக்கில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் அரசு ஏடுகளில் மேட்டூர் 'டேம்'. கல்லணை 'கிராண்ட் அணிகட்'. 'அணைக்கட்டு' என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலேயர் நாவில் 'அணிகட்' ஆயிற்று. இரண்டின் வேலையும் வேறு என்பதைக் காவிரிப் பாசன விவசாயிகள் மனதில் கொள்ள வேண்டும்.

டேம் தண்ணீரைத் தேக்கி வைப்பது. 1934ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூரில் 120 அடிக்கு 93.47 டி.எம்.சி. நீர் நிற்கும். அணிகட் என்பது ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்வான தடுப்பு. அது வந்த நீரை வாய்க்கால்களுக்குத் திருப்பிவிடும், சேமித்து வைக்காது. கல்லணை, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றுக்குப் பாசன நீரைப் பிரித்துக் கொடுக்கிறது. டேம் குதிர் என்றால், அணிகட் மரக்கால். குதிரில் நெல் குறைந்தால் மரக்காலால் என்ன பயன்?

கல்லணை திறந்த செய்தியைக் கேட்டதும் விதை நெல்லை ஊறப் போடுவது பலரது வழக்கம். அன்று பார்க்க வேண்டியது கல்லணையை அல்ல, மேட்டூர் இருப்பை. விநாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் திறந்தால் சுமார் 0.86 டி.எம்.சி. செலவாகும். வரத்தே இல்லாவிட்டால், 40 டி.எம்.சி. நீர் 46 நாட்களில் தீர்ந்துவிடும். 110 நாள் குறுவைக்கோ, நாற்றங்கால் முதல் அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வரை ஈரம் வேண்டும்.

2023ஆம் ஆண்டு இதற்குப் பாடம். ஜூன் 12ல் மேட்டூர் உரிய நாளில் திறக்கப்பட்டது. அப்போது நீர்மட்டம் 100 அடிக்கு மேல். பருவமழை குறைந்தது, கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய நீரும் வரவில்லை. கடைமடையில் குறுவை காய்ந்தது. அக்டோபர் 10ல் பாசனத்துக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. கல்லணையில் குறை ஒன்றுமில்லை. பிரித்துக் கொடுக்கத்தான் நீர் இல்லை.

ஆகவே திறப்பு நாளை மட்டும் அறிவித்தால் போதாது. இருப்பு எவ்வளவு, வரத்து எவ்வளவு, முறை வைத்தால் எத்தனை நாளுக்கு வரும் என்பதையும் அதிகாரிகள் அதே நாளில் சொல்ல வேண்டும். கடைமடை விவசாயிகளும் இக்கணக்கைக் கேட்டறிந்த பிறகே நாற்று விடுவது நல்லது. ஆழ்குழாய்க் கிணறு இல்லாதவர்களுக்கு இது மிகவும் அவசியம். மதகு திறந்த மகிழ்ச்சியில் விட்ட விதையைத் திரும்ப அள்ள முடியாது.