பெயர் தெரிந்தால் புஸ்தகம் கிடைக்கும்

அலங்காநல்லூரில் தை மூன்றாம் நாள் வாடிவாசல் திறந்தால் ஊர் கொள்ளாத ஜனம் கூடுகிறது. ஆனால் ஜல்லிக்கட்டின் சரித்திரத்தை ஆராயப் புறப்பட்ட அவ்வூர்ப் பிள்ளை ஒருவனுக்குப் புஸ்தகசாலையின் வாசல் மட்டும் திறக்கவில்லை.

எம்.ஏ. வாசிக்கும் அவன் சென்ற வாரம் என்னிடம் வந்தான். "ஸார், இரண்டு நாள் தேடினேன். சமீபத்துப் புஸ்தகங்கள்தான் அகப்படுகின்றன. பழையது ஒன்றும் இல்லை போலிருக்கிறது" என்றான்.

"இருக்கிறது, தம்பி. பெயர்தான் வேறு" என்றேன்.

கலித்தொகையில் அது 'ஏறு தழுவுதல்'. சிவகங்கைச் சீமையில் 'மஞ்சுவிரட்டு'. இன்னும் சில இடங்களில் 'எருதுகட்டு'. எல்லாம் ஒன்றே அல்ல. ஆயினும் நெருங்கிய பந்துக்கள். நெல்ஸன் துரை 1868-ல் வெளியிட்ட புஸ்தகத்திலும், பிரான்ஸிஸ் துரை 1906-ல் எழுதிய ஜில்லா கெஜட்டியரிலும் மதுரையே 'மதுரா' ஆகிவிட்டது! இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் அவை எப்படிக் கண்ணில் படும்?

ஆகவே, தேடுமுன் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நல்ல புஸ்தகம் கிடைத்ததும் அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு மூல நூலுக்கே போய்விட வேண்டும். பத்துப் புஸ்தகங்கள் ஒரே செய்தியைச் சொன்னால் பத்துச் சாட்சிகள் என்று எண்ணலாகாது. ஒன்பது பேர் பத்தாமவரைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

நூலகரைக் கேட்கவும் கூச்சப்படக் கூடாது. சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னை ஸர்வகலாசாலையின் நூலகரான ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் காலத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. மதுரையிலேயே, பாண்டித்துரைத் தேவர் 1901-ல் ஸ்தாபித்த தமிழ்ச் சங்கமும், 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. அங்கே இல்லாவிட்டால், சென்னையில் 1896-ல் திறந்த கன்னிமராவும், ரோஜா முத்தையா நூலகமும் உண்டு.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். 2014-ல் ஸுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, அது தமிழர் மரபே அல்ல என்று கூறியது. 2017-ல் வாலிபர்கள் வீதியில் கூடினார்கள். புதுச் சட்டம் பிறந்தது. 2023-ல் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த அதே கோர்ட், இது தமிழர் பண்பாட்டின் அங்கமா என்பதற்கு விரிவான ஆராய்ச்சி தேவை, அது நீதிபதிகளின் வேலையல்ல என்றும் சொல்லிற்று. பின் யாருடைய வேலை? காளையின் திமிலைப் பற்ற ஊரில் ஆள் பஞ்சமில்லை. ஏட்டைப் பற்றத்தான் ஆள் வேண்டும்.

நேற்று அப்பிள்ளை மறுபடி வந்தான். நோட்டில் ஏழு பெயர்கள் இருந்தன. ஏழாவது, மாடு வளர்க்கும் அவன் பாட்டனார் சொன்னதாம். எந்த அகராதியிலும் காணோம். "சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதிக்கொள், தம்பி. நாளைக்கு அதுதான் மூலம்" என்றேன்.