பொதிகளைப் பிரிக்கும்போது பயனர் எதையும் இழக்கக் கூடாது: எங்கள் நிலைப்பாடு

டெபியனில் ஒரு பெரிய பொதியை இரண்டு மூன்றாகப் பிரிப்பது பராமரிப்பாளரின் உரிமை. அதை ஏற்கெனவே நிறுவியிருப்பவரின் கணினியில் எதுவும் உடையாமல், எதுவும் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வது அவருடைய கடமை. கட்டற்ற மென்பொருள் பயனர் குழுவாகிய எங்கள் நிலைப்பாடு இதுதான்.

பிரிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. படங்களையும் ஒலிக் கோப்புகளையும் தனித் தரவுப் பொதியாக்கினால், ஏஎம்டி64, ஏஆர்எம்64 என்று ஒவ்வொரு கட்டமைப்புக்கும் ஒரு நகல் வைக்க வேண்டியதில்லை. களஞ்சியத்தில் ஒன்றே போதும். நிரல் எழுதாதவருக்கு ஹெடர் கோப்புகளும் வேண்டாம். ஆனால் சில கிலோபைட் மிச்சத்துக்காகப் பிரிப்பது வீண். ஒவ்வொரு புதிய பொதியின் விவரமும் பொதிப் பட்டியலில் ஏறுகிறது. அந்தப் பட்டியலை எல்லாப் பயனரும் இறக்கியாக வேண்டும்.

கோப்பு ஒரு பொதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. அப்போது புதிய பொதி, பழையதன் முந்தைய பதிப்புகளைக் குறித்து ‘பிரேக்ஸ்’, ‘ரீபிளேசஸ்’ இரண்டையும் பதிப்பு எண்ணோடு அறிவிக்க வேண்டும். டெபியன் கொள்கைக் கையேடும் இதையே சொல்கிறது. இரண்டுமே இல்லையென்றால், வேறொரு பொதிக்குரிய கோப்பின் மேல் எழுத டிபிகேஜி மறுக்கும். மேம்படுத்தல் பாதியில் நின்றுவிடும். ‘ரீபிளேசஸ்’ மட்டும் போடுவது அதைவிட ஆபத்து. பழைய பதிப்பு இருக்கும் கணினியில் புதிய பொதி மட்டும் வந்து கோப்பைத் தனதாக்கிக்கொள்ளும். பின்னொரு நாள் அந்தப் பொதியை நீக்கினால் கோப்பும் கூடவே போய்விடும். பழைய பொதி நிறுவப்பட்டதாகவே பதிவில் இருக்கும், நிரலோ ஓடாது. எங்கே போனது என்று பயனர் தேடி அலைய வேண்டியதுதான்.

எதற்கு எந்தச் சார்பு? பிரித்தெடுத்த பொதி இல்லாமல் நிரல் ஓடாது என்றால் ‘டிபெண்ட்ஸ்’. பெரும்பாலோர் எதிர்பார்க்கும் வசதி என்றால் ‘ரெகமண்ட்ஸ்’. 2009இல் வந்த லென்னி பதிப்பு முதல் ரெகமண்ட்ஸ் பொதிகளையும் ஆப்ட் தானாகவே நிறுவுகிறது. ஆனாலும் சர்வர்களிலும் கண்டெய்னர்களிலும் அதை நிறுத்தி வைப்பவர்கள் பலர். எனவே அடிப்படைச் செயல்பாட்டை அதை நம்பி விடக் கூடாது. நேற்றுவரை உள்ளேயே இருந்த, பலரும் பயன்படுத்திய வசதியை ‘சஜெஸ்ட்ஸ்’ வரிக்குத் தள்ளுவதை நாங்கள் ஒருபோதும் ஏற்க மாட்டோம். ஆப்ட் அதை இயல்பாக நிறுவாது. பயனருக்குச் சொல்லாமலே வசதி பறிபோகும்.

தரவுப் பொதியும் நிரல் பொதியும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டுமென்றால் மூலப் பொதியின் பதிப்பு எண்ணோடு பூட்டுங்கள். நிரல் பொதியை மட்டும் மறுபடி கட்டும்போது அதன் எண்ணில் ‘பி1’ என்ற ஒட்டு சேரும். தரவுப் பொதியின் எண் மாறாது. இதைக் கவனிக்காமல் பூட்டினால் இரண்டையும் சேர்த்து நிறுவவே முடியாது. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் வட்டமும் வேண்டாம்.

பழைய பெயரே மறைந்து போகிறதென்றால், புதியவற்றைச் சார்ந்த வெற்று இடைமாற்றப் பொதி ஒன்றை அந்தப் பெயரில் குறைந்தது ஒரு நிலைப்பதிப்பு முழுக்க வைத்திருக்க வேண்டும். 2023 ஜூனில் புக்வோர்ம், 2025 ஆகஸ்டில் ட்ரிக்ஸி என்று பதிப்புகள் வருகின்றன. இடையில் ஒன்றைத் தாண்டி மேம்படுத்துவதை டெபியன் ஆதரிப்பதில்லை என்பதால் இந்த அவகாசம் போதும்.

பராமரிப்பாளர்களே, பிரித்த பொதியை ஏற்றுமுன் முந்தைய நிலைப்பதிப்பிலிருந்து மேம்படுத்திப் பாருங்கள், நீக்கியும் பாருங்கள். அதற்கென்றே பியுபார்ட்ஸ் கருவி இருக்கிறது. அதில் தேறாத பொதியைக் களஞ்சியத்துக்கு அனுப்பாதீர்கள்.