பழவேற்காட்டில் உரிமைகளைத் தீர்மானியுங்கள்
பழவேற்காடு பறவைகள் சரணாலயத்துக்குள் அடங்கும் பட்டா நிலங்கள் மீதும் மீன்பிடி நீர்ப்பரப்பின் மீதும் மக்களுக்குள்ள உரிமைகளை முறைப்படி தீர்மானிக்கும் பணியை இனியும் இழுத்தடிக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே இதற்கான விசாரணைக்கு வழி வகுத்திருக்கிறது. உரிமைச் சிக்கலைக் காரணம் காட்டிச் சரணாலய எல்லையைச் சுருக்க நினைப்பதை ஏற்க முடியாது. அப்படிச் சுருக்குவதால் பயனடைபவர் உழவரோ மீனவரோ அல்லர். எந்த இடத்தில் யார், எந்த முறையில் வலை கட்டுவது என்பதைப் பாடு முறையால் தலைமுறைகளாகப் பங்கிட்டு வரும் கிராமங்கள் அங்கே உள்ளன. பழவேற்காடு ஏரியை நிர்வகிக்கும் அறிவு அந்தக் கிராம மக்களிடம் இருக்கிறது; அதற்குச் சட்ட ஏற்பு வேண்டும். ஆனால், பாடு முறைக்கும் வெளியே நிற்பவர்கள் உண்டு. பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி, சேற்றுநீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் உரிமையும் பதிவேட்டில் ஏற வேண்டும். பூநாரைகளுக்காகத் தன் நிலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பட்டாதாரருக்கு ஆண்டுதோறும் ஈட்டுத்தொகை தரப்பட வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடினால் இறாலும் இல்லை, பறவையும் இல்லை. அதைத் திறந்து வைக்கும் பொறுப்பு அரசுடையது. உரிமை விசாரணையை மாவட்டத் தலைநகரில் நடத்தாமல், கிராமம் கிராமமாகச் சென்று நடத்த வேண்டும்.