அருவியும் அந்திக் கொசுவும்

ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே ஜாம்பெசி ஆறு ஏறத்தாழ 1,700 மீட்டர் அகலத்தில் பள்ளத்தாக்கினுள் விழுகிறது. 'முழங்கும் புகை' என்று அப்பகுதி மக்கள் அழைக்கும் அந்த அருவிக்கு 1855-இல் அங்கு சென்ற டேவிட் லிவிங்ஸ்டன், விக்டோரியா மகாராணியின் பெயரைச் சூட்டினார். ஏழாண்டுகள் கழித்து, அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் அவருடைய மனைவி மேரி காய்ச்சலில் மாண்டார். அருவியைப் பற்றிய பயண விளம்பரங்களில் முதல் செய்திக்குக் கிடைக்கும் இடம் இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை.

மலேரியா இன்றும் அங்கே பழங்கதையாகிவிடவில்லை. 2023-இல் உலகெங்கும் சுமார் 26 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர். ஏறத்தாழ 6 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்கர்கள். மழைக்காலத்திலும் அதைத் தொடரும் மாதங்களிலும்தான் அருவி பெருக்கெடுக்கிறது. கொசுவும் அப்போதுதான் பெருகுகிறது. சுற்றுலாப் பயணிகள் பெரிதும் விரும்புவது ஆற்றில் அந்திநேரப் படகுப் பயணம். மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு கடிக்கத் தொடங்குவதும் அந்தி சாய்ந்த பிறகே.

'கொசுக்கடியிலேயே வளர்ந்த நமக்கு என்ன வந்துவிடும்' என்ற எண்ணம் நம்மவர்களிடம் உண்டு. அது தவறு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் காணப்பட்டது வைவாக்ஸ் வகை மலேரியா. ஆப்பிரிக்காவில் மிகுதியாக உள்ளதோ ஃபால்சிபாரம். சிகிச்சை தாமதமானால் 24 மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்தான நிலைக்குக் கொண்டுசெல்லக் கூடியது அது. இங்கே வைவாக்ஸ் வந்து குணமானவருக்கும் அங்கே பாதுகாப்பில்லை.

மஞ்சள் காய்ச்சல் பாதித்த நாடுகளிலிருந்து திரும்புவோரிடம் நமது விமான நிலையங்களில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதனால் அதை யாரும் மறப்பதில்லை. மலேரியாவுக்கு எந்தத் தாளும் கேட்கப்படுவதில்லை என்பதாலேயே அது மறக்கப்படுகிறது. பயணத்துக்கு முன்பே மருத்துவரை அணுகித் தடுப்பு மாத்திரைகளைப் பெற வேண்டும். பழைய குளோரோகுயின் அங்கே பயன்தராது. மாலையில் முழுக்கைச் சட்டை, வெளித்தெரியும் தோலில் கொசுவிரட்டிக் களிம்பு, இரவில் மருந்தூட்டிய கொசுவலை ஆகியவை அவசியம். வெயில் களிம்பும் பூசுவோர் அதை முதலிலும் கொசுவிரட்டியை அதன் மேலும் பூச வேண்டும்.

இவற்றைவிட எளிதில் கைவிடப்படும் முன்னெச்சரிக்கை ஒன்று உண்டு. ஊர் திரும்பிய பிறகும், மருந்தின் வகையைப் பொருத்து ஒரு வாரம் முதல் நான்கு வாரங்கள் வரை மாத்திரையைத் தொடர வேண்டும். கடிபட்ட மறுநாளே காய்ச்சல் வருவதில்லை. பெரும்பாலும் 10 முதல் 15 நாள்கள் கழித்தே வருகிறது. அதற்குள் பயணி வீட்டில் இருப்பார். பயணப் படங்களை உறவினர்களுக்குக் காட்டி முடித்திருப்பார். அப்போது வரும் காய்ச்சலை டெங்கு என்றோ சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றோ எண்ணிவிட வாய்ப்பு மிகுதி. 'ஆப்பிரிக்கா சென்றுவந்தேன்' என்று மருத்துவரிடம் சொல்லும் ஒரு வாக்கியம் உயிரைக் காக்கும். முதல் ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாவிட்டாலும் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

இது பயணி ஒருவரின் உடல்நலத்தோடு முடிந்துவிடுவதில்லை. சென்னை போன்ற நகரங்களின் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் அனாபிலஸ் இனம் ஒன்று வளர்கிறது. ரத்தத்தில் கிருமியோடு திரும்புபவரை அது கடித்தால், அயல்நாட்டு நோய் தெருவின் நோயாகிவிடும். 2016-இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கை இதை உணர்ந்திருக்கிறது. மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோருக்கு அது தடுப்பு மாத்திரைகளை இலவசமாக வழங்குகிறது. திரும்பி வருவோரிடம் காணப்படும் ஒவ்வொரு நோயையும் தனித்தனியே பின்தொடர்கிறது.

2030-க்குள் மலேரியாவை ஒழிக்க இலக்கு வைத்திருக்கும் நாமும் அவ்வழியில் செல்ல வேண்டும். பயணச்சீட்டு பதிவு செய்யும்போதே மலேரியா எச்சரிக்கையைத் தெரிவிப்பதைச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கலாம். காய்ச்சலோடு வருபவரிடம் அண்மைப் பயணம் பற்றிக் கேட்பதை மருத்துவமனைகள் வழக்கமாக்கிக்கொள்ளலாம். இவ்விரண்டுக்கும் பெருஞ்செலவு இல்லை. அருவியைக் காணச் செல்வதை யாரும் தவிர்க்க வேண்டியதில்லை; கடைசி மாத்திரையை விழுங்கும் வரை பயணம் முடியவில்லை என்பதை நினைவில் கொண்டால் போதும்.